இணையப் பக்கங்களுக்குப் பெயரிடும் முறை

கார்த்திகை மாதத்தில் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் நோக்கிச் செல்பவர், சாலையின் இரு மருங்கிலும் கரிசல் காடு பசுமை போர்த்திக் கிடப்பதைக் காணலாம். உளுந்து எது, பாசி எது, கம்பு எது என்று பயிர்த்தொழில் அறிந்தவர் பார்த்த அளவில் சொல்லிவிடுவர். ஆனால் எவருடைய புஞ்சை எங்கே முடிந்து எவருடையது எங்கே தொடங்குகிறது என்பதை வெளியூரார் அறிய இயலாது. கிராம நிர்வாக அலுவலரின் வரைபடத்திலோ ஒவ்வொரு துண்டு நிலத்திற்கும் புல எண் ஒன்று உண்டு. ‘112/3’ என்று எழுதினால், நூற்றுப்பன்னிரண்டாம் புலத்தின் மூன்றாம் உட்பிரிவு என்பது பொருள். நிலம் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும். சில வேளை விலைக்குப் போகும். ஓராண்டு பருத்தியும் மறு ஆண்டு மக்காச்சோளமும் விளையும். பட்டாவில் பெயர் மாறும். ஆனால் உடையவர் மாறினார் என்பதற்காகவோ, பயிர் மாறிற்று என்பதற்காகவோ புல எண்ணை எவரும் மாற்றுவதில்லை. அது மாறாதிருப்பதனால்தான் பத்திரமும் பட்டாவும் வரைபடமும் ஒன்றையொன்று சுட்டி நிற்கின்றன.

கிராமத்திற்கென்றோ, தம் குழுவிற்கென்றோ இணையதளம் ஒன்றை அமைக்க முற்படுவோர் முதற்கண் கற்க வேண்டிய பாடமும் இதுவே. இணையப் பக்கத்தின் கோப்புப் பெயர் என்பது அப்பக்கத்தின் புல எண் போன்றது. அதை எவ்வாறு வைப்பது, எவ்வாறு காப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெயரில் என்ன இருக்கிறது?

கரிசல் வட்டாரத்தில் இன்று மகளிர் சுய உதவிக் குழுக்களும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும், ஊராட்சிகளும், பள்ளிகளும் தத்தமக்கென இணையதளம் வைத்துக்கொள்ள விரும்புகின்றன. இதற்குக் கணினிப் படிப்பு வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ், கூகுள் சைட்ஸ் போன்ற மென்பொருள்கள் வந்துவிட்டன. முன்னாளில் நெட்ஸ்கேப் கம்போசர், ஃபிரண்ட்பேஜ் ஆகியவை இப்பணியைச் செய்தன. படத்தை இழுத்து வைத்து, எழுத்தைத் தட்டினால் பக்கம் அமைந்துவிடுகிறது. ஆயினும் பெயர் வைக்கும் வேலை மட்டும் நம்மிடமே நிற்கிறது. நாம் கவலையின்றி விட்டுவிட்டால் மென்பொருள் தானே ஒரு பெயரை வைத்துவிடும். பின்னர் வரும் தொல்லைகளில் பல இந்த இடத்திலேயே தொடங்குகின்றன.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததை யாவரும் அறிவர். இதனால் அப்பெயருக்கே சட்டத்தின் காவல் ஏற்பட்டது. இப்பகுதியில் கடலை மிட்டாய் செய்யும் மகளிர் குழு ஒன்று இணையதளம் அமைத்ததாக வைத்துக்கொள்வோம். விலைப்பட்டியலும், தபாலில் பெறும் வழியும் ஒரு பக்கத்தில் உள்ளன. அப்பக்கத்தின் முகவரியை அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்பியாயிற்று. மூன்று மாதம் சென்றபின், பக்கத்தை அழகுபடுத்த முனைந்த ஒருவர் கோப்பின் பெயரையும் மாற்றிவிடுகிறார். சென்னையில் பெட்டியை வாங்கிய ஒருவர் அம்முகவரியைத் தட்டுகிறார். ‘404, பக்கம் காணப்படவில்லை’ என்று திரை காட்டுகிறது. குழு கலைந்துவிட்டது போலும் என்று எண்ணி அவர் வேறு பெட்டியை நாடுகிறார். மிட்டாயில் குறையில்லை, வெல்லப் பாகில் குறையில்லை, பெயர் மாறியதே குறை. அச்சுக்கூலியும் போயிற்று, வாடிக்கையும் போயிற்று.

தலைப்பு வேறு, கோப்புப் பெயர் வேறு

புதிதாகப் பழகுவோர் மயங்கும் முதல் இடம் இது. ஒவ்வொரு பக்கத்திற்கும் இரு பெயர்கள் உண்டு.

ஒன்று தலைப்பு. இது படிப்பவருக்காக ஏற்பட்டது. ‘எங்கள் கடலை மிட்டாயின் விலையும் கிடைக்கும் இடங்களும்’ என்று நீளமாகவும், தமிழிலும், இடைவெளி விட்டும் இதை எழுதலாம். தேடுபொறிகள் தலைப்பையும் பக்கத்திலுள்ள எழுத்தையும் படித்தே பக்கத்தின் பொருளை அறிகின்றன. ஆகவே தலைப்பை நல்ல தமிழில் தெளிவாக எழுதுவது அவசியம். வேண்டும்போது திருத்திக்கொள்ளவும் தடையில்லை.

மற்றொன்று கோப்புப் பெயர். இது முகவரியில் இடம் பெறுவது. கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவும், மனிதர் சொல்லக் கேட்டு மற்றவர் தட்டவும், அட்டையில் அச்சிடவும் ஏற்பட்டது. இது குறுகியதாகவும், எளியதாகவும், மாறாததாகவும் இருத்தல் வேண்டும். மேற்சொன்ன பக்கத்திற்கு ‘விலை’ என்ற ஒரு சொல்லே போதும்.

இக்கட்டுரையில் கோப்புப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளால் தட்ட வேண்டும். அதற்குரிய காரணம் பின்னே கூறப்படும்.

முதற் பக்கத்தின் பெயர்

ஒருவர் நம் தளத்தின் பெயரை மட்டும் தட்டினால், எந்தப் பக்கத்தை அனுப்புவது என்று சர்வர் எவ்வாறு அறியும்? அதற்கென உலக வழக்கு ஒன்று உண்டு. கோப்புறையில் ‘இண்டெக்ஸ்’ என்ற பெயருள்ள கோப்பைத் தேடி எடுத்து அனுப்பும். எனவே கோப்புகளைத் தாமே தயாரித்துப் பதிவேற்றுவோர் முகப்புப் பக்கத்திற்கு ‘இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்’ என்றே பெயரிட வேண்டும். ‘முகப்பு’ என்றோ ‘ஹோம்’ என்றோ பெயரிட்டால் சர்வர் அதனை முதற் பக்கமாகக் கொள்ளாது. வருகிறவருக்கு வெற்றுப் பட்டியலோ பிழைச் செய்தியோதான் தெரியும். வேர்ட்பிரஸ், கூகுள் சைட்ஸ் ஆகியவற்றை உபயோகிப்போருக்கு இந்தக் கவலை இல்லை. முகப்பு எது என்று மென்பொருளிலேயே குறிக்கலாம்.

பெயரின் ஈற்றில் வரும் ‘எச்டிஎம்எல்’, படங்களுக்கு வரும் ‘ஜேபிஜி’ முதலிய ஒட்டுகள் கோப்பின் வகையைக் காட்டுவன. அவற்றை அழித்துவிடலாகாது. பழைய டாஸ் கணினிகளில் பெயருக்கு 8 எழுத்தும் ஒட்டுக்கு 3 எழுத்துமே இடம் இருந்தது. அதனால் ‘எச்டிஎம்’ என்ற மூவெழுத்து ஒட்டும் வழக்கில் வந்தது. இரண்டில் எதை வேண்டுமாயினும் கொள்ளலாம். ஆனால் தளம் முழுவதும் ஒன்றையே கொள்ள வேண்டும்.

எழுத்து விதிகள்

முதல் விதி, சிறிய எழுத்துகளையே உபயோகிப்பது. வீட்டிலுள்ள விண்டோஸ் கணினி, கோப்புப் பெயரில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகக் கருதுவதில்லை. இணைய சர்வர்களிலோ லினக்ஸ் முறைமையே மிகுதி. லினக்ஸுக்கு அவை இரண்டும் வெவ்வேறு பெயர்கள். ஆகவே பெரிய எழுத்தில் தொடங்கும் கோப்பைச் சிறிய எழுத்தால் சுட்டிய இணைப்பு வீட்டில் வேலை செய்யும்; பதிவேற்றியவுடன் அறுந்துவிடும். நம் கணினியில் நன்றாக இருந்ததே என்று பலரும் திகைப்பது இதனால்தான். எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் வைத்துவிட்டால் திகைப்புக்கு இடமில்லை.

இரண்டாம் விதி, இடைவெளி விடாமை. முகவரியில் இடைவெளி செல்லாது. அவ்விடத்தில் விழுக்காட்டுக் குறியும் இருபது என்ற எண்ணுமாக மூன்று எழுத்துகளைக் கணினி இட்டுவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அம்முகவரி இடைவெளியிலேயே முறிந்துபோவதும் உண்டு. சொற்களைப் பிரித்துக் காட்ட வேண்டுமாயின் நடுவே சிறுகோடு இடுக: ‘கடலை-மிட்டாய்’. அடிக்கோடு இட வேண்டாம். இணைப்புகளைத் திரையில் கோடிட்டுக் காட்டும்போது அடிக்கோடு அதனுள் மறைந்து, இடைவெளி போலத் தோன்றும். படிப்பவர் தவறாகத் தட்டுவார்.

மூன்றாம் விதி, வேறு பொருளுள்ள குறிகளை விலக்குவது. வினாக்குறி, எண்ணுக்குரிய வேலிக் குறி, விழுக்காட்டுக் குறி, சாய்கோடு ஆகியவற்றுக்கு முகவரியில் தனிப்பொருள் உண்டு. வேலிக் குறிக்குப் பின் வருவது பக்கத்தினுள் ஒரு பகுதியைச் சுட்டும். வினாக்குறிக்குப் பின் வருவது சர்வரிடம் கேட்கும் விவரம். சாய்கோடு, நம் புல எண்ணில் வருவதைப் போலவே உட்பிரிவைக் காட்டும். ‘பொருள்கள்/விலை’ என்றால் ‘பொருள்கள்’ என்னும் கோப்புறையினுள் ‘விலை’ என்னும் பக்கம் என்பது பொருள். ஆகையால் எழுத்து, எண், சிறுகோடு என்னும் மூன்றோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம்.

தமிழில் பெயரிடலாமா?

இது நியாயமான கேள்வி. நம் மொழியில் பக்கம் எழுதிவிட்டு அதன் கோப்புக்கு மட்டும் ஆங்கில எழுத்தைத் தேடுவானேன்? தமிழ் எழுத்துகள் யூனிகோடு முறையில் இடம் பெற்றுள்ளன. தளப் பெயரையே தமிழில் பெறுவதற்கு ‘.இந்தியா’ என்னும் ஈற்றுப் பெயரும் இருக்கிறது. தமிழ்க் கோப்புப் பெயரை இன்றைய உலாவிகள் ஏற்கவும் செய்கின்றன. எனினும் பயனில் மூன்று தடைகள் உள்ளன. அவற்றை அறிந்தபின் அவரவர் முடிவு செய்யலாம்.

முதல் தடை நீளம். முகவரியினுள் தமிழ் எழுத்து அப்படியே செல்வதில்லை. எழுத்தின் ஒவ்வொரு குறியீடும் 9 ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளுமாக மாற்றப்படுகிறது. ‘கோவில்பட்டி’ என்ற சொல்லில் உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் சேர்த்து 11 குறியீடுகள் உள்ளன. ஆக அது முகவரியில் 99 இடங்களைப் பிடிக்கிறது. அதை அச்சிட முடியாது. தொலைபேசியில் சொல்லவும் முடியாது. ஜப்பானில் 1994ஆம் ஆண்டு உருவான கியூஆர் குறியை இன்று பெட்டிகளில் அச்சிடுகிறோம். முகவரி நீள நீள அக்குறியின் கட்டங்கள் பொடியாகி நெருங்கும். சிறு மிட்டாய்ப் பொட்டலத்தின் மேல் அத்தகைய குறியை அச்சிட்டால் கைப்பேசி படிக்கத் தடுமாறும்.

இரண்டாம் தடை, மென்பொருளின் எல்லை. வேர்ட்பிரஸில் பக்கத்தின் தலைப்பைத் தமிழில் எழுதினால், அத்தலைப்பையே முகவரிப் பெயராக அது எடுத்துக்கொள்ளும். ஆனால் அப்பெயருக்கு 200 இடங்களே அதனிடம் உண்டு. ‘கோவில்பட்டி கடலை மிட்டாய்’ என்னும் பெயருக்கோ 209 இடங்கள் வேண்டும். எனவே கடைசிக் குறியீடாகிய யகரத்தின் புள்ளி வெட்டுண்டு, மிட்டாய் ‘மிட்டாய’ ஆகிவிடும்! இன்னும் நீண்ட தலைப்புகளில் சொல்லே பாதியில் நின்றுவிடும். இதற்கு மாற்று எளிது. பக்கத்தை வெளியிடுவதற்கு முன்னரே ‘ஸ்லக்’ என்னும் கட்டத்தைத் திறந்து, அங்கே குறுகிய ஆங்கில எழுத்துப் பெயரை நாமே இட்டுவிட வேண்டும். தலைப்பு தமிழிலேயே இருக்கும். முகவரி மட்டும் சுருங்கும்.

மூன்றாம் தடை கண்ணுக்குப் புலப்படாதது. ‘கோ’ என்னும் எழுத்தைக் கணினியில் இரு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு விதம். முன்னே இரட்டைக் கொம்பையும் பின்னே துணைக்காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைப்பது மற்றொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் பெரும்பாலான சர்வர்களுக்கு அவை இரு வேறு பெயர்கள். கோப்பின் பெயர் ஒரு விதமாகவும் இணைப்பு மற்றொரு விதமாகவும் அமைந்துவிட்டால் பக்கம் திறவாது. எழுத்தெழுத்தாகப் பார்த்தாலும் பிழை எங்கே என்று தெரியாது. ஊர்ப் பெயரின் முதல் எழுத்திலேயே இந்தச் சிக்கல் இருப்பதால் கோவில்பட்டியார் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

இவற்றைக் கருதியே, தலைப்பைத் தமிழிலும் கோப்புப் பெயரை ஆங்கில எழுத்திலும் வைக்குமாறு தொடக்க நிலையினருக்குச் சொல்கிறோம். இது தமிழைத் தள்ளுவதாகாது. பக்கம் எங்கும் தமிழ் நிறைந்திருக்க, கதவு எண் மட்டும் வேறு எழுத்தில் இருக்கிறது.

ஒரே எழுத்துக் கூட்டல்

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதப் புகுந்தால் புதியதொரு குழப்பம் எழும். ‘கோவில்’ என்பதைச் சிலர் வகர ஒலிக்குரிய ‘வி’ எழுத்துடன் எழுதுவர். சிலர் அதை விட்டுக் ‘கோயில்’ போல எழுதுவர். பழைய ஆங்கில ஆவணங்களில் இரண்டாம் வகை மிகுதி. முதலெழுத்திலும் ஒற்றுமை இல்லை. ரயில் நிலையத்தின் குறியீடு ‘சி.வி.பி.’ என்று ‘சி’ எழுத்தில் தொடங்குகிறது. வேளாண்மைத் துறையின் ஆங்கில ஏடுகளில் கம்பும் ‘சி’ எழுத்திலேயே தொடங்கும். பொதுமக்களோ ‘கே’ எழுத்தில் எழுதுவர். ஊர்ப் பெயர்களின் ஆங்கிலக் கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்பத் திருத்த 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 1,018 பெயர்களுக்கு அரசாணை வெளியாகி, சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டதை வாசகர்கள் நினைவுகூரலாம். எழுத்துக் கூட்டலை முடிவு செய்வது அத்துணை எளிதன்று.

நம் தளத்தின் அளவிலாவது இதற்கு முடிவு காண இயலும். எது சரியான கூட்டல் என்று வாதிடுவதை விட, ஒன்றைத் தேர்ந்து எங்கும் அதையே எழுதுவது முக்கியம். ஒரு பக்கத்தில் ‘மிட்டாய்’ என்பதை ஒற்றை ‘ஏ’யுடனும் மற்றொன்றில் இரட்டை ‘ஏ’யுடனும் எழுதினால் இணைப்பு அறும். பொருள், ஊர், பயிர் ஆகியவற்றின் பெயர்களை ஆங்கில எழுத்தில் எவ்வாறு எழுதப் போகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கணினிக்கு அருகில் ஒட்டி வைக்க வேண்டும்.

நாளும் எண்ணும்

ஊராட்சியின் தளத்தில் கிராம சபைத் தீர்மானங்களை ஏற்றுவது நல்ல வழக்கம். தமிழ்நாட்டில் 2022 முதல் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாட்கள் கிராம சபைக்குரியனவாக உள்ளன. சில ஆண்டுகளில் கோப்புகள் பெருகிவிடும். அவற்றுக்கு நாளை முதலில் வைத்து ‘15-08-2024’, ‘01-05-2025’ என்று பெயரிட்டால், கணினி முதல் எண்ணைக் கொண்டே வரிசைப்படுத்தும். ஆகவே 2025ஆம் ஆண்டு மே மாதக் கூட்டம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கூட்டத்திற்கு முன்னே போய் நிற்கும். ஆண்டை முதலிலும், மாதத்தை அடுத்தும், நாளை இறுதியிலும் வைத்து ‘கிராமசபை-2025-08-15’ என்று எழுதினால் வரிசை தானே ஒழுங்காகும். 1988ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அனைத்துலகத் தரமும் இம்முறையையே கூறுகிறது.

வரிசை எண் இடும்போது ஒற்றை இலக்கத்திற்கு முன்னால் சுழியம் சேர்க்க வேண்டும். ‘பாடம்-1’, ‘பாடம்-2’, ‘பாடம்-10’ என்று வைத்தால் பல மென்பொருள்களில் பத்தாம் பாடம் இரண்டாம் பாடத்திற்கு முன் வரும். ‘பாடம்-01’, ‘பாடம்-02’ என்று வைத்தால் அக்குறை நேராது.

படங்களின் பெயர்

கைப்பேசியில் எடுத்த படங்களுக்கு அது தானே எண்ணால் பெயரிட்டுவிடும். அப்பெயரோடு ஐம்பது படங்களை ஏற்றினால், கடலை வறுப்பது எது, பாகு காய்ச்சுவது எது என்று ஆறு மாதத்தில் நமக்கே தெரியாது. ஏற்றுவதற்கு முன்பே ‘கடலை-வறுத்தல்-01’, ‘பாகு-காய்ச்சுதல்-01’ என்று மாற்றிவிடுக.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. கோப்புகளை வீட்டுக் கணினியில் தயாரிப்போர் முதலில் ஒரு கோப்புறையை அமைத்து, பக்கங்களையும் படங்களையும் அதனுள் சேர்த்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். படம் கணினியின் ‘சி’ வட்டில் வேறோர் இடத்தில் இருக்க, அங்கிருந்தே பக்கத்தில் சேர்த்தால், அவ்வட்டின் பெயரே இணைப்பில் எழுதப்பட்டுவிடும். நம் திரையில் படம் தெரியும்; பிறர் திரையில் வெற்றுக் கட்டமே தெரியும். நம் வீட்டு அலமாரியை வெளியூரார் திறந்து பார்க்க இயலாது அல்லவா?

மாறாத பெயரே நல்ல பெயர்

இனி இப்பாடத்தின் உயிர்நிலைக்கு வருவோம். பெயரில் நாளை மாறக்கூடிய எதையும் சேர்க்கலாகாது.

கோவில்பட்டியிலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. இந்நிலையம் வெளியிட்ட சோள ரகங்களுக்குக் ‘கே 11’, ‘கே 12’ என்று பெயர். ஊரைக் குறிக்கும் ஓர் எழுத்து, வரிசையைக் குறிக்கும் ஓர் எண், அவ்வளவே. ‘புதிய சோளம்’ என்று பெயரிட்டிருந்தால் அடுத்த ரகம் வந்தவுடன் அப்பெயர் பொய்யாகியிருக்கும். ஆனால் நம் கணினிகளில் ‘புதிய-விலை’, ‘இறுதி’, ‘இறுதி-2’, ‘சரியான-இறுதி’ என்ற கோப்புகளை எவ்வளவு காண்கிறோம்! பக்கத்திற்கு ‘விலை’ என்றே பெயரிட்டு, உள்ளே விலையை மட்டும் மாற்றிவந்தால் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட முகவரி என்றும் பயன்படும்.

பொறுப்பாளர் பெயரையும் முகவரியில் வைத்தல் தகாது. குழுத் தலைவி மாறுவார். மாவட்டப் பெயரும் மாறக்கூடியதே. 1986ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது கோவில்பட்டி, சிதம்பரனார் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997ஆம் ஆண்டில் அம்மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் எனப் பெயர் மாறிற்று. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் மேலிருந்த பெயர் மட்டும் மாறிக்கொண்டு வந்தது. ஆதலின் ஊர்ப் பெயரையும் பொருளின் பெயரையும் நம்பலாம்; ஆட்சிப் பிரிவின் பெயரை நம்பிக் கோப்புறை அமைத்தல் வேண்டா.

வைய விரிவு வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ, ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் முதல் தளத்தை அமைத்தவர். அவர் 1998ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் இதே கருத்தை வற்புறுத்தினார். எழுதியவரின் பெயர், ‘பழையது’ ‘வரைவு’ என்னும் நிலை, எந்த மென்பொருளால் ஆக்கப்பட்டது என்னும் விவரம் ஆகிய மாறும் செய்திகளை முகவரியில் சேர்க்க வேண்டாம் என்பது அவருடைய யோசனை. முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதரே மாற்றுகின்றனர் என்பது அதன் அடிப்படை.

மாற்ற நேர்ந்தால் என் செய்வது?

எத்துணை எச்சரிக்கையாக இருந்தாலும் சில வேளை பெயரை மாற்ற நேரிடும். அப்போது பழைய பெயரை அழித்துவிடாமல், அங்கு வருவோரைப் புதிய இடத்திற்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். இதற்கு ‘301’ என்ற எண்ணுடைய நிரந்தர மாற்று அறிவிப்பு இருக்கிறது. வேர்ட்பிரஸில் இதற்கெனத் துணை மென்பொருள்கள் உள்ளன. அவ்வசதி இல்லாத இடத்தில், பழைய பெயரிலேயே ஒரு சிறு பக்கத்தை வைத்து, ‘இப்பக்கம் இடம் மாறியுள்ளது, இங்கே செல்க’ என்று எழுதிப் புதிய இணைப்பைத் தரலாம். குடி மாறிய கடைக்காரர் பழைய கதவில் சீட்டு ஒட்டி வைப்பதை ஒத்தது இது.

இவையனைத்திற்கும் மேலாக, பெயர்ப் பதிவேடு ஒன்று அவசியம். ஊராட்சியில் தீர்மானப் பதிவேடு இருப்பதைப் போல, தளத்திற்கும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். கோப்புப் பெயர், தமிழ்த் தலைப்பு, தொடங்கிய நாள், அம்முகவரி எங்கெங்கே அச்சாகியுள்ளது என்னும் நான்கு பத்திகள் போதும். தளத்தை இன்று நடத்தும் இளைஞர் நாளை வேலைக்கு வெளியூர் செல்லலாம். அவர் சென்றபின் வருபவர் எதை மாற்றலாம், எதைத் தொடலாகாது என்பதை அந்த நோட்டே சொல்லும். நான்காம் பத்தி காலியாக இல்லாத பக்கத்தின் பெயரை மாற்றுவதில்லை என்று குழு தீர்மானித்துக்கொள்ளட்டும்.

பயிற்சி

1. உங்கள் குழுவின் தளத்தில் இடம்பெற வேண்டிய பக்கங்கள் ஐந்தினைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் தமிழ்த் தலைப்பு ஒன்றும், இரண்டு சொல்லுக்கு மேற்படாத கோப்புப் பெயர் ஒன்றும் எழுதுக.

2. உங்கள் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகின்றனர் என்று பலகைகளிலும் ரசீதுகளிலும் பார்த்துக் குறித்து, தளத்திற்குரிய ஒன்றைக் குழுவில் கூடி முடிவு செய்க.

3. ‘இறுதி விலைப்பட்டியல் புதியது 15-8-2025’ என்னும் கோப்புப் பெயரிலுள்ள குறைகளைக் கூறுக. (இடைவெளி உண்டு, ‘இறுதி’, ‘புதியது’ என்பன நிலையற்றவை, நாள் வரிசை தலைகீழ், விலைப் பக்கத்திற்கு நாளே தேவையில்லை. ‘விலை’ என்பதே போதும்.)

4. நீங்கள் வைத்த பெயரைத் தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்லி, அவர் பிழையின்றி எழுதுகிறாரா என்று பாருங்கள். எழுதினால் பெயர் தேறிற்று.

கரிசல் காட்டில் மழை பொய்த்த ஆண்டும் உண்டு, பெய்து கெடுத்த ஆண்டும் உண்டு. அவை நம் கையில் இல்லை. ஆனால் விளைந்ததையும் செய்ததையும் உலகுக்கு அறிவிக்கும் பக்கம் என்றும் அதே முகவரியில் கிடைப்பது முழுவதும் நம் கையில் உள்ளது. முதல் நாளில் பெயருக்காகச் செலவிடும் அரை மணி நேரம், பல ஆண்டுகளுக்கு வாடிக்கையாளரை வழி தவறாமல் கொண்டுவந்து சேர்க்கும். இணையதளம் அமைக்க எண்ணும் குழுவினர் கணினியைத் திறக்கும் முன்பே ஒரு தாளை எடுத்துப் பெயர்களை எழுதத் தொடங்குவார்களாக.